போடியிலிருந்து வந்த இலவம் பஞ்சு மெத்தை: ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பின்

எட்டு ஆண்டுகளாகப் படுத்துவந்த ஃபோம் மெத்தையைக் கழித்துவிட்டு, தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் உள்ள சிறு மெத்தைப் பட்டறை ஒன்றிலிருந்து இரட்டைக் கட்டிலுக்கான இலவம் பஞ்சு மெத்தையையும் நான்கு தலையணைகளையும் சென்ற ஆண்டு ஜூலை மாதம் வரவழைத்தோம். பதினோரு மாதங்கள் ஆகின்றன. புது மெத்தையில் முதல் வாரம் எவருக்கும் நன்றாகத்தான் உறக்கம் வரும். பஞ்சு மெத்தையின் குணம் ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும்தான் வெளிப்படும் என்று பெரியவர்கள் சொன்னதால், அவை இரண்டும் கடக்கும்வரை எழுதுவதைத் தள்ளிப்போட்டேன்.

மாற்றத்துக்குக் காரணம் எங்கள் மகனின் தும்மல். ஒன்பது வயதுப் பையன், எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல் போட்டுவிட்டு, மூக்கைத் தேய்த்துக்கொண்டே குளிக்கப் போவான். பள்ளி தொடங்கும் நேரத்துக்கெல்லாம் சரியாகிவிடும். பனியும் தெருத்தூசியும்தான் காரணம் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்க, அவனைப் பார்த்த மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "படுக்கையைக் கடைசியா எப்போ வெயில்ல போட்டீங்க?" என்பதுதான். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் போட்டதில்லை. போடக்கூடாது என்று அந்த மெத்தையோடு வந்த அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். பாலியூரித்தேன் ஃபோம் நேரடி வெயில் பட்டால் மஞ்சளித்து உதிரத் தொடங்கிவிடும் என்பதால் அந்த எச்சரிக்கையும் நியாயமானதே.

வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிகளைப் பற்றி அதன் பிறகுதான் படித்தேன். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளமே உள்ள இவை, நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகின்றன. கடிப்பதில்லை. ஆனால் இவற்றின் கழிவு நுண்ணிய தூசாகி மூக்கை எட்டும்போது, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் இளைப்பும் வருகின்றன. இவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் உறிஞ்சி வாழ்கின்றன. ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்து நிற்கும் இடத்தில் காய்ந்து மடிகின்றன. சென்னையில் அத்தகைய காற்றுக்கு எங்கே போவது? பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் இந்த ஊரில், படுக்கையை உலர வைக்க நமக்குச் செலவில்லாமல் கிடைப்பது பகல் வெயில் ஒன்றுதான். ஆகவே வெயிலில் தூக்கிப் போடக்கூடிய மெத்தை வேண்டும் என்ற ஒரே காரணம்தான் எங்களை இலவம் பஞ்சிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. மரபு, இயற்கை என்ற பெரிய சொற்கள் எதுவும் அப்போது எங்கள் மனத்தில் இல்லை.

அந்தப் பெரிய சொற்களெல்லாம் விற்பவர்களிடம் தாராளமாகக் கிடைக்கின்றன. நான் தொலைபேசியில் விசாரித்த ஆறு பட்டறைகளில் நான்கு பேர் "இலவம் பஞ்சில் துயில்" என்ற ஆத்திசூடி வரியைச் சொல்லியே பேச்சைத் தொடங்கினார்கள். அதோடு நிற்காமல், உடல் சூடு தணியும், மூலம் குணமாகும், சர்க்கரை கட்டுக்குள் வரும் என்று ஒருவர் அடுக்கிக்கொண்டே போனார். ஔவையார் துயிலச் சொன்னாரே தவிர, நோய் தீரும் என்று உறுதி எதுவும் கொடுக்கவில்லை. சில வரிகள் தள்ளி "அனந்தல் ஆடேல்" என்று அதிகத் தூக்கத்தைக் கண்டிக்கவும் செய்திருக்கிறார். அந்த வரியை எந்த மெத்தைக் கடையும் பலகையில் எழுதி வைப்பதில்லை.

பஞ்சின் உண்மையான குணம் இந்த விளம்பரங்களைவிடச் சுவையானது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் போடி, வருசநாடு, கடமலைக்குண்டு பகுதிகளில் வளர்க்கப்படும் இலவ மரங்களில் காய்கள் மார்ச் முதல் மே வரையிலான வெயிலில் முற்றி வெடிக்கின்றன. பழுக்கும் என்று காத்திருந்த கிளி ஏமாந்தது அப்போதுதான். உள்ளேயிருக்கும் இழை இரண்டு சென்டிமீட்டர் அளவே நீளம் உடையது; வழவழப்பாகவும் எளிதில் முறிவதாகவும் இருப்பதால் பருத்தியைப்போல அதை நூலாக நூற்பது கடினம், திணிப்பதற்குத்தான் ஏற்றது. ஒவ்வோர் இழையும் உள்ளே கூடான குழல். மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை கப்பலில் போகிறவர்களின் மிதவைச் சட்டைகளுக்குள் வைத்துத் தைத்தது இந்தப் பஞ்சைத்தான். வியர்வையைத் தனக்குள் தேக்கிக்கொள்ளாத பஞ்சு என்ற அளவில் விற்பவர்கள் சொல்வது சரி. உடலைக் குளிர்விக்கும் என்பது அப்படியே சரியில்லை. குழலுக்குள் காற்றை அடைத்து வைத்திருக்கும் எந்த இழையும் வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கும் இழையே ஆகும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வாங்கும்போது நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், இந்த மெத்தையை நீள அகலத்தை வைத்து விலை பேசக்கூடாது, உள்ளே போகும் பஞ்சின் எடையை வைத்துப் பேச வேண்டும் என்பது. எங்கள் கட்டிலுக்கு ஆறேகால் அடிக்கு ஐந்தடி. அதே அளவுக்கு ஒருவர் 18 கிலோ என்றார், இன்னொருவர் 22 என்றார், நாங்கள் வாங்கிய இடத்தில் 26 என்றார்கள். 18 கிலோ மெத்தை படத்தில் பார்க்க உப்பலாக அழகாகத்தான் இருக்கும்; இரண்டே மாதத்தில் கட்டில் பலகை முதுகில் தட்டும். அடுத்து, பஞ்சு இந்த ஆண்டு அறுவடையா, பழைய மெத்தையைப் பிரித்து அடித்ததா என்று கேட்க வேண்டும். கொட்டையும் தூசும் நீக்கியதா என்பதும் முக்கியம். எங்கள் பட்டறைக்காரர் கேட்காமலேயே ஒரு கைப்பிடிப் பஞ்சைத் தபாலில் அனுப்பினார். அதை ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு, மறுநாள் காலைவரை விட்டுப் பார்த்தேன். நனையாமல் மேலேயே மிதந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குவளையில் போட்ட, பழைய தலையணை ஒன்றிலிருந்து எடுத்த கழிவுப் பஞ்சு சற்று நேரத்திலேயே கறுத்து அடியில் போய்விட்டது. இன்னொரு சிட்டிகையை விளக்குத் திரியில் காட்டினேன்: குப்பென்று பற்றி ஒரு நொடியில் பொடிச் சாம்பலானது. பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி மணிமணியாகக் கட்டியிருக்கும். பஞ்சு சுத்தம் என்று உறுதியானாலும், அது பற்றிய வேகம் எனக்கு வேறொரு கவலையைத் தந்தது.

மெத்தைக்கு 11,200 ரூபாய், தலையணை ஒன்றுக்கு 450 ரூபாய், லாரிப் பார்சல் கூலி 900 ரூபாய் ஆயின. பத்து நாளில் வரும் என்ற மெத்தை இருபத்து நான்காம் நாள்தான் வந்தது; இலவு காத்த கிளியின் நிலை என்னவென்று தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த அந்த இரண்டு வாரங்களில் நன்றாகவே புரிந்தது. உருட்டிக் கயிறு கட்டி வந்த பொதியைப் பிரித்தபோது, ஓரப் பட்டியில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. மின்விசிறியை நிறுத்த மறந்தது எங்கள் தவறு. அடுத்த அரை மணி நேரம் கூடத்தில் பஞ்சு பறக்க, மகன் அதைப் பிடித்துக்கொண்டு ஓட, யாருக்காக இவ்வளவும் செய்தோமோ அவனே தும்மித் தீர்த்தான். பட்டறைக்காரரை அழைத்தேன், வருந்தினார், தையல் கூலியைத் தந்துவிடுவதாகச் சொன்னார், தரவும் செய்தார். எடை விஷயத்தில் அவ்வளவு நேர்மை இல்லை. பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்தபோது துணியோடு சேர்த்தே 26 கிலோ 200 கிராம்தான் இருந்தது. கெட்டிப் பருத்தித் துணி மட்டுமே ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது என்பதால், பஞ்சில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறது. "தூசி போனதுல குறைஞ்சிருக்கும் சார்" என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

இனி, படுத்த அனுபவம். முதல் இரவில் மெத்தை ஆறு அங்குல உயரம் இருந்தது. படுத்தால் சற்றே அமிழ்ந்து நிற்கும், ஃபோம் மெத்தையைப்போல உடலைச் சுற்றி மேலேறாது. புரண்டு படுக்க எளிது. மூன்றாம் மாத முடிவில் நாலரை அங்குலமாக இறங்கியது. இது குறையன்று, பஞ்சின் இயல்பு. ஆனால் இறங்கியது ஒரே சீராக இறங்கவில்லை. நானும் மனைவியும் படுக்கும் இரு பக்கமும் பாத்தியாக, நடுவில் ஒரு வரப்பு எழும்பி நின்றது. இடையிடையே மேலிருந்து கீழாக ஊசி கோத்துப் போட்டிருக்கும் முடிச்சுகள் பஞ்சு நகராமல் ஓரளவு பிடித்து நிறுத்துகின்றன என்றாலும், இந்த மெத்தையில் முடிச்சுக்கு முடிச்சு ஒன்றேகால் அடி இடைவெளி விட்டிருந்தார்கள். முக்கால் அடியாக நெருக்கிப் போடச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டாகத் திருப்பிப் போட்டு, கையால் அறைந்து சமன்செய்யும் வேலை அன்றுமுதல் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்துகொண்டது.

முதுகுவலிக்குக் கெட்டிப் படுக்கைதான் நல்லது என்று நம் வீடுகளில் ஒரு தீர்ப்பு உண்டு. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேரிடம் நடத்தி 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று, மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையே வலியைக் கூடுதலாகக் குறைத்தது என்று கண்டது. இலவம் பஞ்சு மெத்தை, புதிதாக இருக்கும் மாதங்களில் இந்த நடுத்தரத்தில் நிற்கிறது. வெயில் காணாமல் சப்பிப் போனால் கெட்டிக்குப் போய்விடுகிறது. என் மனைவிக்கு இடுப்பில் வலி உண்டு. செப்டம்பர்வரை நன்றாக இருக்கிறது என்றவர், நவம்பரில் பழையபடி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஜனவரி வெயிலில் மூன்று நாள் தொடர்ந்து காய்ந்த பிறகு மெத்தை முக்கால் அங்குலம் உப்பியது. அவரும் கையை எடுத்துவிட்டார்.

சூட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஃபோம் மெத்தையில் படுத்திருந்த காலத்தில் நள்ளிரவுக்கு மேல் முதுகு நனைந்து எழுவது எங்கள் இருவருக்கும் வழக்கம். ஏசியை 22இல் வைத்தாலும் முதுகுக்கு அது தெரியாது, ஏனெனில் உடல் அமிழ்ந்த பள்ளத்தில் காற்றோட்டமே இல்லை. உறக்கம் ஆழ வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் சற்றே இறங்க வேண்டும் என்பதால், இப்படி முதுகில் தேங்கும் சூடு உறக்கத்தை நேராகவே கெடுக்கிறது. பஞ்சு மெத்தையில் அந்த நனைவு நின்றது. குளுமை என்று இதைச் சொல்ல மாட்டேன். சித்திரை இரவில் இது குளிரவில்லை. உடல் அமிழாததும், மேலுறை முழுப் பருத்தியாக இருப்பதும், வியர்வை தேங்காமல் ஆவியாவதும் சேர்ந்து தரும் உலர்ந்த உணர்வு அது. இதே மெத்தைக்குப் பளபளக்கும் பாலியஸ்டர் துணியில் உறை தைத்து விற்கிறார்கள், விலையும் கூடுதல். அதை வாங்கினால் இந்தப் பலன் பாதிக்கு மேல் போய்விடும் என்றே நினைக்கிறேன். இப்போது ஏசி 26இல் நிற்கிறது, மின்விசிறியும் மெல்லச் சுழல்கிறது.

ஏசி அறை பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து கரியமில வாயு அளக்கும் கருவியை இரண்டு இரவுகளுக்கு வாங்கி வந்து கட்டில் அருகே வைத்தேன். கதவு ஜன்னல் சாத்தி, நாங்கள் மூவரும் படுத்திருந்த அறையில், இரவு பத்து மணிக்கு 700 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 700 பங்கு) காட்டிய கருவி விடியற்காலையில் 2,300ஐத் தாண்டியிருந்தது. வெளிக்காற்றில் இது ஏறத்தாழ 420தான் இருக்கும். சுவரில் மாட்டும் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதே ஒழிய, வெளியிலிருந்து புதுக்காற்று எதையும் கொண்டுவருவதில்லை. மறுநாள் இரவு கூடத்துக் கதவை ஒரு கையகலம் திறந்து வைத்தோம். விடியும்போது 1,100 ஆக இருந்தது. காலையில் தலை கனமாக எழுந்ததற்குப் பாதிக் காரணம் மெத்தை என்று அதுவரை அதன்மேல் பழி போட்டிருந்தேன்.

இனி, அந்த விளக்குத் திரி தந்த கவலை. இலவம் பஞ்சு எளிதில் தீப்பற்றும். ஒரு பொறி போதும். எங்கள் வீட்டில் அதுவரை கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் ஏற்றி வைப்பது வழக்கமாக இருந்தது. பஞ்சு மெத்தை வந்த அன்றே அதை நிறுத்தினோம். நிறுத்திய பிறகுதான் அந்தப் புகையைப் பற்றியும் தேடிப் படித்தேன்: சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு சுருள் முழுதாக எரியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறது. மூடிய அறையில், தும்மும் பிள்ளையின் தலைமாட்டில், ஆண்டுக்கணக்காக அதை ஏற்றி வைத்திருந்தோம். இப்போது நான்கு மூலையிலும் கயிறு கட்டிய பழைய பாணிக் கொசுவலை. வலைக்குள் விசிறிக் காற்று குறைவாகத்தான் வருகிறது, இரவில் எழுந்து போய்த் திரும்பும்போது ஒரு கொசுவாவது கூடவே உள்ளே வந்துவிடுகிறது. இருந்தாலும் சுருளுக்குத் திரும்பப்போவதில்லை. மகனுக்கோ அது கூடாரம்.

மழைக்காலத்தில்தான் இந்த மெத்தையை வாங்கியது தவறோ என்று தோன்றியது. அக்டோபர் கடைசியில் தொடங்கிய மழை, நவம்பரில் பத்து நாள் சேர்ந்தாற்போல வெயிலைக் காட்டவில்லை. ஒருநாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது லேசான பூஞ்சை வாடை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், அடித்துணியில் கட்டில் பலகையோடு ஒட்டியிருந்த இடத்தில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறப் புள்ளிகள். பஞ்சின்மேல் மெழுகுப் பூச்சு இருந்து என்ன பயன்? மேலே போட்டிருக்கும் பருத்தித் துணிக்கு அது இல்லையே. சாமான் வைக்கும் பெட்டி உள்ள எங்கள் கட்டிலின் மேல்பலகை இடைவெளியே இல்லாத பிளைவுட்; நாங்கள் விடும் வியர்வையின் ஈரம் கீழே இறங்கிப் பலகையில் முட்டி அங்கேயே தங்கிவிட்டது. மெத்தையைச் சுவரில் சாய்த்து இரண்டு நாள் விசிறிக்கு அடியில் நிறுத்தினோம், நீர்த்த வினிகரால் துணியைத் துடைத்தோம், தச்சரை அழைத்துப் பலகையில் ஒன்றரை அங்குலத் துளைகள் நாற்பது போட்டோம். மெத்தைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு முரட்டுக் கோரைப் பாயை விரித்திருக்கிறேன். அதன் பிறகு டிசம்பர் மழையில் வாடை வரவில்லை. பட்டை பட்டையாக இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்த கட்டிலோ கயிற்றுக் கட்டிலோ இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வர வாய்ப்புக் குறைவு. இதை விற்பவர் ஒருவரும் சொல்லவில்லை. கட்டில் எப்படிப்பட்டது என்று ஆறு பட்டறைகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெயில் காட்டுவதும் சொல்வதுபோல் எளிதன்று. நாங்கள் இருப்பது இரண்டாம் தளம், மொட்டை மாடிக்கு இன்னும் இரண்டு மாடி ஏற வேண்டும். 26 கிலோ என்பது அரிசி மூட்டை எடைதான் என்றாலும், மூட்டைக்குப் பிடி இருக்கிறது. இந்த மெத்தை நடுவில் மடிந்து, படிக்கட்டுத் திருப்பத்தில் மயங்கி விழுந்த ஆளைத் தூக்கிப்போவதுபோல நம்மேல் சாயும். ஒருவரால் ஆகாது. குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர், மாடிக் கைப்பிடிச் சுவரில் மெத்தை தொங்கினால் கட்டடத்தின் தோற்றம் கெடுகிறது என்று முறையிட்டார். அவர் வீட்டு வடாம் வெயிலில் காய்வது தோற்றத்தில் சேராதாம். காலை ஒன்பதுக்குப் போட்டு, நடுவில் ஒருமுறை புரட்டி, மூன்று மணிக்கு எடுத்துவிடுகிறோம். சூடு ஆறிய பிறகே அறைக்குள் விரிக்க வேண்டும். மாதம் இருமுறை என்று நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு, உண்மையில் மாதம் ஒன்றாகத்தான் நடக்கிறது.

உண்ணி வராது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். எந்தப் பஞ்சிலும் தோல் செதிலும் ஈரமும் சேர்ந்தால் உண்ணி வரும். வெயில் அதன் ஈரத்தைப் பறிக்கிறது, அவ்வளவே. செத்த உண்ணியும் அதன் கழிவும் உள்ளேயே இருக்கும் என்பதால் தட்டி உதறவும் வேண்டும். விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொல்லி மருத்துவர் வலியுறுத்தினார். 55 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உண்ணிகள் செத்துவிடுகின்றன. மகனின் தும்மல் இப்போது வாரத்தில் ஒருநாள் இரண்டுநாள் என்று குறைந்திருக்கிறது, அதுவும் ஐந்தாறு தும்மலோடு நின்றுவிடுகிறது. ஆனால் மெத்தை, வெந்நீர்த் துவைப்பு, சுருளை நிறுத்தியது, கதவைத் திறந்து வைத்தது என்று எல்லாவற்றையும் சில மாதங்களுக்குள் செய்துவிட்டோம்; எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மெத்தைக்கே முழுப் பெருமையையும் கொடுத்து எழுதினால் அது விளம்பரமாகிவிடும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், எட்டும் தூரத்தில் மொட்டை மாடியும், தூக்க இரண்டு பேரும், காற்றுப் புகும் கட்டிலும் உள்ளவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கும் அடுக்ககங்களில் வாடகைக்கு இருப்பவர்களும், தனியே வாழும் முதியவர்களும் இதை வாங்கினால், ஓராண்டுக்குள் பழைய ஃபோமைவிட மோசமான ஒன்றின்மேல் படுத்திருப்பார்கள். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பஞ்சுக்கு மாற வேண்டாம். உண்ணி நுழையாத நெருக்கமான நெசவுள்ள உறையைப் பழைய மெத்தைக்கே போட்டுக்கொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பானதாக இருக்கலாம்.

தலையணைகளைப் பொறுத்தவரை எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒன்றேகால் கிலோ எடையுள்ள தலையணையை பால்கனிக் கம்பியிலேயே காய வைக்கலாம், ஒரு கையால் தட்டி உப்ப வைக்கலாம், மூக்குக்கு மிக அருகில் இரவு முழுவதும் இருப்பதும் அதுதான். 450 ரூபாய்க்கு இந்த அறையில் நாங்கள் செய்த மாற்றங்களில் மிக மலிவானதும் மிக நிம்மதியானதும் அதுவே. முழு மெத்தைக்குப் பணம் போடும் முன் ஒரு தலையணையை வாங்கி ஒரு மழைக்காலம் வைத்துப் பாருங்கள்.

நாங்கள் செய்த பெரிய தவறு, இரட்டைக் கட்டிலுக்கு ஒரே மெத்தையாக வாங்கியது. இரண்டரை அடி அகலத்தில் இரண்டாக வாங்கிச் சேர்த்துப் போட்டிருந்தால் ஆளுக்கு ஒன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறியிருப்போம், நடுவில் வரப்பும் எழும்பியிருக்காது. பெரம்பூர்ப் பக்கம் பஞ்சு அடித்துத் தைத்துக்கொடுக்கும் பெரியவர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். மெத்தையை வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, பஞ்சு நல்ல பஞ்சுதான் என்றார். பிரித்து அடித்து இரண்டாகத் தைக்க, துணி நீங்கலாக 1,800 ரூபாய் கேட்கிறார். முடிச்சை முக்கால் அடிக்கு ஒன்றாகப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று கிலோ புதுப் பஞ்சு சேர்க்க வேண்டுமாம், அதைப் போடியிலிருந்து நானே வரவழைத்துக் கொடுத்தால் நல்லது என்கிறார். இந்த முறை தராசில் நிறுத்த பிறகுதான் பணம் அனுப்புவது என்றிருக்கிறேன்.